புல்லுக்காரி காட்டிய சரிவு

நிலமீட்புத் திட்ட அலுவலகத்தில் அவளுக்குப் புல்லுக்காரி என்று பெயர். நாற்றங்காலில் சம்பளத்துக்கு மரக்கன்று வளர்த்தாலும் அவள் மனசு முழுக்கப் புல்மேல்தான். வீட்டுக்குப் பின்னால் வெடித்துக் கிடந்த சரிவில், ஆறு வருஷமாக விடுமுறை நாளெல்லாம் கல்வரிசை அடுக்கி, அலைந்து பொறுக்கிய புல்விதையைத் தூவி, ஆடு ஏறாமல் முள்ளடைத்து வந்தாள். மூன்றாம் வருஷம் மண் நின்றது. ஐந்தாம் வருஷம், சரிவின் அடியில் செத்துப்போயிருந்த ஊற்று மறுபடி கசிந்தது. இப்போது தெருவே அங்கேதான் குடம் வைக்கிறது. இதில் ஒன்றுகூட அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டுமே!

கோடையில் புது ஆலோசகர் வந்தார். வானத்திலிருந்து எடுத்த படத்தை மேஜையில் விரித்து, அவள் சரிவின்மேல் விரலை வைத்தார்.

"பழுப்பா இருக்கு பாருங்க. சுத்தத் தரிசு. பத்தாயிரம் குழி, பத்தாயிரம் மரம்."

"சார், அது புல்லுங்க. வெயிலுக்குக் காஞ்சிருக்கு, வேரு உசுரோடதான் இருக்கு. மிஷினை விட்டுக் கிளறினா முதல் மழைக்கே மண்ணு வழிஞ்சு ஊத்து மூடிடும்."

"படிவத்துல புல்லுக்கு இடமே இல்லம்மா" என்றார் அவர், ஏதோ புல்தான் விண்ணப்பம் போட மறந்துவிட்டதைப் போல.

இந்த மனிதரிடம் வாதாடுவதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். மறுநாள் காலை இடம் காட்ட அவளையே அனுப்பினார்கள். அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், மலைக்கு அந்தப் பக்கம், குவாரிக் கழிவு கொட்டிய சரிவுக்கு அவரைக் கூட்டிப்போனாள். "நீங்க சொன்ன இடம் இதுதான் சார்." ஆலோசகர் பார்த்தார். இதுவும் பழுப்பு. திருப்தியாகத் தலையாட்டினார். பொக்லைன் ஓட்ட வந்தவன் அவளுடைய தம்பி. சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கையில் நெளிந்தான்.

"அக்கா, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

"வாயை மூடிக்கிட்டுத் தோண்டுடா."

சல்லியில் நட்ட கன்றுகள் என்ன ஆகும்? பாதிக் கன்றுகளைப் பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்காமல் புதைத்திருந்தார்கள். மழை முடிந்து ஆலோசகர் பார்க்க வந்தபோது பத்தாயிரம் குச்சிகள் அவரை வரவேற்றன. அவருக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

"உங்க ஆளுங்களுக்கு அக்கறை பத்தாது. இந்தப் பக்கத்து மண்ணே செத்த மண்ணு. இதுல இனிமே எதுவும் முளைக்காது."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். செத்த மண் என்றதும் சுருக்கென்று ஏறியது.

"முளைக்காதா? வாங்க சார், நான் காட்டறேன்!"

விறுவிறுவென்று அவரைத் தன் சரிவுக்கே இழுத்துப்போனாள். இடுப்பளவு புல், கீழே தெளிந்த ஊற்று, வரிசையில் குடங்கள். ஆலோசகர் வாயைப் பிளந்தார். ஆறு வருஷத்தில் யாரும் அந்தச் சரிவை அப்படிப் பார்த்ததில்லை; அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல் அடுக்கியது, விதை பொறுக்கியது, ஊற்று கசிந்த காலை என்று ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வீட்டுப் பின்பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டு ஓடினாள். முள்வேலிக்கு வெளியே பொக்லைன் நின்றது. தம்பி இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் உத்தரவுக் காகிதத்தை நீட்டினான்.

"மண்ணு நல்லா இருக்காம். வெறும் புல்லுக்கு விட்டு வீணாக்கக் கூடாதாம். பத்தாயிரம் குழியும் இங்கதான்னு போட்டிருக்கு. ஏன்க்கா, நீயே கூட்டிட்டு வந்து காட்டினியாமே?"

ஒரு சரிவுக்கும் இன்னொரு சரிவுக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாளே, அந்த முட்டாளுக்கு வழிகாட்ட அவளை விட்டால் ஆளில்லை. சனியன் பிடித்த வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கல்வரிசையின்மேல் இயந்திரத்தை மறித்து உட்கார்ந்தாள். தம்பி இன்ஜினை அணைத்தான்.

அதற்குள் கார் வந்து நின்றது. புகைப்படக்காரரோடு ஆலோசகர் முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

"அதுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். எந்திரிங்கம்மா, முதல் குழியை நீங்கதான் வெட்டணும்" என்று சொல்லி, ரிப்பன் கட்டிய புது மண்வெட்டியை அவள் கையில் திணித்தார்.