நடுச்சட்டம்

அண்ணன் ரத்தினவேல் இறந்த பத்தொன்பதாம் நாள் சத்யப்ரியா ஷெட்டைத் திறந்தாள். ஓசூருக்குப் பக்கத்து ஜூஜுவாடியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி, வேன்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் ஷெட். அண்ணனும் தங்கையுமாக எட்டு வருடம் நடத்தியது. அதற்கு முன் அவள் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள். அதனால் ஷெட்டிலும் அளப்பது அவள் வேலை, வெட்டி ஒட்டுவது அவன் வேலை என்று ஆகிவிட்டது.

கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் காலை நேரத்தில் டீ வாங்கப் போன ரத்தினவேல் கடை வாசலிலேயே சரிந்தான். வயது நாற்பத்தொன்று. அன்றிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை சத்யப்ரியா அழவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். சொந்தக்காரர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அவர்களுக்காகவாவது அழலாம் என்று பார்த்தாள். வரவில்லை.

பத்து மணிக்கு ஒரு பழைய வேன் உள்ளே வந்தது. நாராயணப்பன் இறங்கினார். கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு அவரும் மனைவி கெம்பம்மாவும் இந்த வேனில்தான் ஊர் ஊராகப் போய் வருகிறார்கள். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு. நிறுத்திய இடத்தில் கூரையை மேலே தூக்கிவிட்டால் நிமிர்ந்து நின்று சமைக்கலாம். அந்தத் தூக்கு டாப்பில் நான்கு வருடம் முன்னால் ஓட்டை போட்டு, சூடு வெளியேறக் காற்றாடி வைத்துக் கொடுத்தது ரத்தினவேல்.

"அண்ணன் இல்லையாம்மா?"

"இல்லீங்க."

வெளியே போயிருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

"டாப்பு நடுவுல இறங்கிருச்சும்மா. மழை பேஞ்சா மேல குளம் கட்டி நிக்குது. மூடுனா கொக்கி மாட்ட மாட்டேங்குது. உள்ளேயும் ஒழுகுது."

வேனைச் சமதரையில் நிறுத்தச் சொன்னாள். ஏணி வைத்து ஏறி, டாப்பின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு நூலை இழுத்துக் கட்டினாள். நடுவில் நூலுக்கும் ஃபைபருக்கும் இடையே ஸ்கேலை நிறுத்திப் பார்த்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர் பள்ளம். குறித்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் தெளிவாகத் தெரிந்த முதல் விஷயம் அந்த எண்தான்.

பிறகு டாப்பைத் தூக்கினாள். தூக்கிப் பிடிக்கும் கேஸ் ராடுகள் தளர்ந்திருந்தால் ஒரு பக்கம் சாயும். நான்கு மூலையிலும் உயரத்தை அளந்தாள். இரண்டு மில்லிக்கு மேல் வித்தியாசம் இல்லை. கீல்களும் ஆடவில்லை. தூக்கும் அமைப்பில் கோளாறு இல்லை. டாப்பிலேயேதான் ஏதோ இருக்கிறது.

நாராயணப்பன் கீழே நின்று தயங்கினார். "என் தப்புதான்னு நெனைக்கறேன். போன வருஷம் மேல சோலார் போட்டேன். இருபது கிலோவுக்கு மேல வரும். இவ அப்பவே வேணான்னா."

கெம்பம்மா கன்னடத்தில் ஏதோ சொன்னார். சொன்னேனே, கேட்டீர்களா என்பது போல இருந்தது.

சத்யப்ரியா ஒரு ரூபாய்க் காசை எடுத்து டாப்பின் உட்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனாள். விளிம்பில் டக் டக் என்றது. காற்றாடியை நெருங்க நெருங்கச் சத்தம் அமுங்கி, பக்கத்தில் வந்ததும் தொப் தொப் என்று ஆனது. ஒரு கட்டையை நிறுத்தி மெதுவாக முட்டுக் கொடுத்தாள். டாப்பின் நடுப்பகுதி சுலபமாக மேலே போனது. கட்டையை எடுத்ததும் அதே சுலபத்தில் இறங்கியது.

"ரெக்சினைப் பிரிக்கணுங்க."

"பிரிம்மா."

உள்கூரை ரெக்சினை ஓரத்திலிருந்து உரித்தாள். புளித்த வாடை வந்தது. ஃபைபருக்கு அடியில் இருந்த பிளைவுட் கறுத்திருந்தது; விரலை வைத்ததும் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி பிய்ந்தது. இன்னும் உரித்தாள். டாப்பைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் மூன்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று முழுசாக இருந்தன. நடுச்சட்டம் காற்றாடிக்காக வெட்டப்பட்டு, இரண்டு துண்டாக அந்தரத்தில் நின்றது.

வெட்டினால் ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் அடித்து, வெட்டிய முனைகளை அதோடு கட்ட வேண்டும். அந்தச் சட்டம் இல்லை. வெட்டிய முனையில் சிலிகான் மட்டும் பூசியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் 14 x 14 என்று ஓட்டையின் அளவு சாய்வாக எழுதியிருந்தது. ரத்தினவேலின் ஒன்றும் நாலும் அப்படித்தான் சாய்ந்திருக்கும்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். காற்றாடி வைத்த வாரம் ஷெட்டில் நாலு வண்டி ஒன்றாக நின்றது ஞாபகம் வந்தது. இந்த ரெக்சினை ஒட்டியது தான்தான் என்பதும் ஞாபகம் வந்தது. ஒட்டுவதற்கு முன் மேலே பார்க்கவில்லை. கம்பெனியில் இப்படி ஒரு பீஸைக் கையெழுத்துப் போட்டு விட்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"சோலாராலதானேம்மா? கழட்டிடறேன், விடு," என்றார் நாராயணப்பன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே நம்பித்தான் வந்திருந்தார். பிரித்ததை ஒட்டி, ஒரு பட்டை வைத்து அனுப்பியிருக்கலாம்.

"இல்லீங்க. சட்டம் சரியா இருந்திருந்தா உங்க சோலாரைத் தாங்கியிருக்கும். காத்தாடி வச்சப்போ நடுச்சட்டத்தை வெட்டிட்டு, சுத்திச் சட்டம் போடாம விட்டிருக்கோம். மேல வெயிட்டும் வந்ததும் இறங்கிருச்சு. அந்த இடத்துல விரிசல் விட்டுத் தண்ணி உள்ள போயிருக்கு. தப்பு எங்களோடது. நாங்களே முழுசாச் செஞ்சு தர்றோம்."

அவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு இறங்கினார். கோபம் வந்திருந்தது.

"நாலு வருஷமா இதுக்குக் கீழதான் படுத்துத் தூங்கறோம்மா. ரத்தினவேலு இப்படி விடறவர் இல்லையே. நானே சாயந்திரம் அவருக்குப் போன் போட்டுக் கேக்கறேன்."

"அண்ணன் தவறிட்டாருங்க. பத்தொம்பது நாள் ஆச்சு."

இருபத்திரண்டு மில்லி என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். அவளுக்கே அது கேட்டது.

கெம்பம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் கறுத்த மரத்தூள். உள்ளங்கையின் சூடு சத்யப்ரியாவுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா," என்றார் நாராயணப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேலையப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க. மூணு வாரம் ஆகும். பரவாயில்லைங்களா?"

சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

மத்தியானம் அண்ணி நிர்மலா சாப்பாடு கொண்டுவந்தாள். வேனைப் பார்த்ததும் நின்றாள். "இது கெலமங்கலத்தார் வண்டிதானே? என்னவாம்?"

சத்யப்ரியா சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. நிர்மலாவின் முகம் இறுகியது.

"போனவரைப் பத்தி இதை எங்கிட்ட வந்து சொல்லணுமா, சத்யா?"

"மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம் அண்ணி."

நிர்மலா டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தாள். வேனுக்குள் ஏறி, தலையைச் சாய்த்து அந்த வெட்டிய முனையையும் பென்சில் எழுத்தையும் பார்த்தாள். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இதே மாதிரி காத்தாடி இன்னும் எத்தனை வண்டிக்கு வச்சார்?"

"ஆறு."

"போன் நம்பர் இருக்கா?"

இருந்தது. சாப்பாட்டைத் திறக்காமலே இருவரும் உட்கார்ந்தார்கள். நிர்மலா நம்பர் படிக்க, சத்யப்ரியா போட்டாள். முதல் இருவர் அந்த வாரமே கொண்டுவருவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் ஆனேக்கல்காரர், வேனோடு கோகர்ணம் கடற்கரையில் இருந்தார், பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"டாப்புமேல எதையும் ஏத்தாதீங்க. ஊருக்கு வந்ததும் நேரா ஷெட்டுக்குக் கொண்டுவாங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு? ரத்தினவேல் சொன்னாரா?"

"இல்லீங்க. அவர் இறந்துட்டார். நான் பார்த்துச் சொல்றேன்."

சரி, வருகிறேன் என்றார் அவர். சத்யப்ரியா போனை வைத்தாள். நிர்மலா நாலாவது நம்பரைப் படித்தாள்.