சிரித்தால் உடையும் முகம்

அன்று பார்லரில் இருந்தவர்கள்:

ஷைனி. பார்லர் அவளுடையது.
ஆலிஸ். மணப்பெண். வயது அறுபத்தொன்று.
ஜானட். மணப்பெண்ணின் மகள்.
பூவம்மா. காசிமேட்டு மீன் சந்தையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்துக் கூடை.
பிலோமினா. மணப்பெண்ணின் அக்கா. (போன வருஷம் இறந்துவிட்டாள். பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் இருந்தாள், அதனால் சேர்க்கிறேன்.)

மாப்பிள்ளை வால்டர் வரவில்லை. ஐஸ் லோடு இருந்தது.

1

ஒரு வாக்கியத்திலிருந்து வந்த கதை இது. ராயபுரத்து டீக்கடை ஒன்றில், பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: “செத்தவங்க மூஞ்சி ஈசி. சிரிக்க மாட்டாங்க இல்ல?” டீயை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. பெயர் உட்பட.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடற்காற்று வீசிய ஒரு மாலை நேரத்தில், ராயபுரத்தின் —

விட்டுவிட்டேன். ராயபுரத்தில் எந்த மாலையில்தான் கடற்காற்று இல்லை? அடுத்தது:

அழகுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று —

இது பார்லர் வாசலில் தொங்கும் பேனர். மூன்றாவது தொடக்கம் கீழே. அதுவும் சுமார்தான். ஆனால் ஆட்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

2

ஷைனிக்கு இரண்டு வேலை. மணப்பெண் அலங்காரம் போர்டில் இருக்கிறது. இன்னொன்று போர்டில் இல்லை. சவப்பெட்டிக் கடை சைமன் கூப்பிட்டால் பையை எடுத்துக்கொண்டு போவாள். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியை மூடுமுன் தெருவே வரிசையில் வந்து முகம் பார்க்கும். அந்த முகத்தைப் பார்க்கும்படி செய்து கொடுப்பது ஷைனி.

ஆக, அவள் கைக்கு இரண்டு வகை முகங்கள்தான் வந்தன. இருபத்தைந்து வயதில் உயிரோடு சில. அறுபது தாண்டி உயிரில்லாமல் சில. அறுபது தாண்டியும் உயிரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் ஆலிஸ்.

காசிமேட்டு வெயிலில் காலமெல்லாம் மீன் விற்றவள். இரண்டு கன்னத்திலும் மங்கு, தேயிலைக் கறை நிறத்தில். வால்டர் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன், அவள் கணவனை இழந்ததுபோல மனைவியை இழந்தவன், அவளைவிட ஐந்து வயது சின்னவன். கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப்போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. உள்ளே யாரும் தடை சொல்லவில்லை. வெளியே படியில் ஒருவன் சொன்னான்: “கல்யாணத்தன்னிக்கி மாப்ளைக்கி அம்மா எது, பொண்ணு எதுன்னு சீட்டு குத்தி உடுவாங்களா?”

ஆலிஸ் அதைக் கேட்டுவிட்டாள். கேட்டதைக் கொண்டுவந்து ஷைனியின் முன்னால் வைத்தாள்.

“சின்னப் பொண்ணாட்டம் ஆவணும்னு இல்லடி. அவனுக்கு அம்மாவாட்டம் தெரியக் கூடாது. அவ்ளோதான்.”

“ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன்.”

“நீ இன்னா பாக்கறது? சனிக்கிழமை கோயிலே பாக்கும்.”

(ஜானட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவள் வில்லி. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று அழுவாள். எழுதி முடித்துப் பார்த்தால் டிவி சீரியல் மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, அம்மாவின் கல்யாணத்தில் மகளுக்கு ஆசை இருந்தால் ஷைனிக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு. இந்த ஜானட் போனில் வீடியோக்களோடு வந்திருக்கிறாள். “ஷைனிக்கா, ஃபுல் கவரேஜ். ஒரு கோடு தெரியக் கூடாது.”)

3

ஒத்திகை வியாழக்கிழமை.

“கண்ண மூடிக்கோங்க ஆன்ட்டி. வாயையும். ஆடாதீங்க.”

இந்த மூன்றையும் ஷைனி எல்லோருக்கும் சொல்வாள். பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லாமலே போனாலும் சொல்வாள், பழக்கம். கெட்டியான கிரீமை நெற்றியிலிருந்து கழுத்துவரை இழுத்தாள். மங்கு போயிற்று. சுருக்கங்களை அடைத்தாள். அதன்மேல் பவுடரை அப்பி, பிரஷ்ஷால் தட்டினாள். மூடிய இமையில் தங்கத் துகள், அதன் ஓரத்தில் நேர்க்கோடாக மை. வெளியே கன்டெய்னர் லாரி போய்க் கண்ணாடி அதிர்ந்தபோதும் அவள் கை அதிரவில்லை.

“இப்ப தொறங்க.”

இமை மடிப்புக்குள் மைக்கோடு போய் ஒளிந்துகொண்டது. தங்கம் மடிப்பில் திரண்டது. மற்றபடி வழவழவென்று ஒரு முகம்.

ஜானட் கைதட்டினாள். “பத்து வயசு கொறஞ்சிடுச்சிக்கா!”

ஆலிஸ் அசையவில்லை. பூவம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மனசில் வந்தது வாயில் வர நேரமாகாது.

“எம்மே ஆலிசு. பிலோமி பொட்டில கெடந்தப்போ இப்பிடித்தான் இருந்திச்சி.”

பிலோமினாவுக்கு முகம் செய்ததும் ஷைனிதான்.*

பூவம்மா சமாளிக்கப் பார்த்தாள். “இல்ல, அதுவும் ஜோராத்தான் கீது. வால்டர் வந்து மாலைய போடறதா, கால்ல வெக்கறதான்னு முழிக்கப் போறான்.”

ஆலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணோரத்தில் முதலில் வெடித்தது, பிறகு வாயின் இரு பக்கமும், பிறகு நெற்றி. மழைக்குப் பின் சுண்ணாம்புச் சுவர் மாதிரி.

“தோ பாரு,” என்றாள். “சிரிச்சா ஒடையுது.”

எழுந்து போய்க் குழாயைத் திறந்து, துணி துவைப்பதுபோல முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். ஈர முகத்தோடு திரும்பினாள்.

“ஜானட், வால்டர்க்குப் போன் போடு. கோயில்லாம் வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு அவங்கவங்க வேலைய பாக்கலாம்.”

* “தூங்கறாப்பல கீது” என்று அன்று எல்லோரும் ஷைனியைப் பாராட்டினார்கள். அந்த வேலையில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. அதே கையை அவள் அப்படியே ஆலிஸிடமும் கொண்டுவந்தாள். தவறு அதுதான். வேறெதுவும் இல்லை.

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. ஷைனிக்கு யாராவது வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். அண்ணா நகரிலிருந்து பெரிய மேக்கப்காரி ஒருத்தி ஏசி காரில் வந்து —

அடித்துவிட்டேன். அண்ணா நகரிலிருந்து இங்கே யார் வருவார்?

வந்தது பூவம்மா. மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு.

“நான்தான் வாய விட்டேன். எம்மூஞ்சிலே போட்டுப் பழகு. நல்லா வந்துச்சின்னா அவள நான் இஸ்துகினு வரேன்.”

“சரி. கண்ண மூடு, வாய மூடு.”

பூவம்மாவை வாய் மூடவைத்த ஆள் காசிமேட்டில் இன்னும் பிறக்கவில்லை. மருமகள், வஞ்சிரம் விலை, வள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டு மாடியில் படியும் அனல்மின் நிலையச் சாம்பல் என்று பேசிக்கொண்டே இருந்தாள். ஷைனி இரண்டு முறை அதட்டினாள். மூன்றாவது முறை பிரஷ்ஷை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்தாள்.

முகம் ஓயாமல் மடிந்து விரிந்துகொண்டிருந்தது. எங்கே மடிகிறதோ அங்கே பவுடர் போய்ச் சேர்ந்தது. மடியாத இடங்களில் ஒழுங்காக நின்றது. மருமகளைத் திட்டும்போது புருவத்துக்கு நடுவே, மகளைப் பற்றிப் பேசும்போது கண்ணுக்குக் கீழே மடிந்தது.

“பேசு,” என்றாள் ஷைனி. “நிறுத்தாத. மருமகள இன்னும் ரெண்டு திட்டு.”

“இன்னாடி, மெய்யாலுமா?”

துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். மடிகிற இடங்களுக்குப் பவுடரே காட்டவில்லை. மைக்கோட்டைத் திறந்த கண்ணில், நேராகப் பார்க்கச் சொல்லி, மடிப்புக்கு மேலே தெரியும்படி இழுத்தாள்.

பூவம்மா அந்த முகத்தோடு நேராக ஆலிஸ் வீட்டுக்குப் போனாள். ஆலிஸ் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், மீனின் செவுளைப் பார்ப்பதுபோல.

“சிரி பாக்கலாம்.”

“சும்மா எப்பிடி சிரிக்கறது? ஜோக்கு சொல்லு.”

ஆலிஸ் யோசித்தாள். “வால்டரு.”

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து ஆலிஸ் மறுபடியும் பார்த்தாள்.

“ஒடையல,” என்றாள்.

5

சனிக்கிழமை காலை. ஜானட் வால்டருக்கு இன்னும் போன் போடவில்லை.

ஷைனி முதலில் ஆலிஸின் முகத்தில் ஈரப்பசைக் கிரீமைத் தடவிவிட்டுச் சும்மா இருந்தாள்.

“இன்னாடி, ஆரம்பிக்கலியா?”

“ஊறட்டும் ஆன்ட்டி. காஞ்ச தோல்மேல எது வெச்சாலும் திட்டா நிக்கும்.”

பிறகு மங்கின்மேல் மட்டும், அதன் கருமையை அடக்க, ஆரஞ்சு நிறத்தைத் தொட்டு வைத்தாள். அதன்மேல் மட்டும் மெல்லிய கிரீம், ஈர ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி. இழுக்கவில்லை. மங்கு முழுதாகப் போகவில்லை, பின்வாங்கியது. கன்னச் சிவப்பைக் கிரீமாகவே, வழக்கத்தைவிட மேலே, கண்ணை நோக்கி ஏற்றினாள். இமையில் மினுக்கு இல்லை. உதட்டைச் சுற்றி முதலில் பென்சில், சாயம் சுருக்கங்களில் வழியாமல் இருக்க. பவுடர் மூக்கின் இரு பக்கமும் மட்டும்.

இவ்வளவும் நடக்கும்போது ஆலிஸைப் பேசவிட்டாள்.

“ஓலை வாசிச்சப்போ ஃபாதர் எம்பேர தப்பா படிச்சாரு. அலோசியஸ்னுட்டாரு. வால்டரு ஒரு ஆம்பளைய கட்டறான்னு பின்னால ஒரே சிரிப்பு.”

“கண்ண தொறந்தே வெய்ங்க. என்னப் பாருங்க. சொல்லுங்க, அப்பால?”

“அப்பால இன்னா, வால்டரும் சிரிச்சான். அங்கியே ஒண்ணு உட்டேன்.”

ஜானட் போனை எடுத்து நீட்டினாள். “ஷைனிக்கா, இந்தக் கண்ணுக்குக் கீழ கோடு தெரியுதே. இன்னும் ஒரு கோட்டிங்?”

“தெரியட்டும். அத அடைச்சா உங்க பெரியம்மா வந்துடுவாங்க.”

ஜானட் போனைப் பைக்குள் போட்டாள்.

6

இப்போது ஆலிஸ் கண்ணாடியில் எப்படித் தெரிந்தாள் என்று நான் எழுத வேண்டும்.

எழுத மாட்டேன். ‘இளமையாக’ என்று எழுதினால் வியாழக்கிழமை மாதிரி ஆகிவிடும். ‘அவளாகவே’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பிலோமினாவுக்கும் நடுவே ஒரு முகம் வேண்டியிருந்தது. ஷைனி பிரஷ்ஷை எங்கே நிறுத்தினாள் என்று சொல்லிவிட்டேன். முகத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

சில முடிவுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்:

படியில் பேசியவன் கோயிலில் ஆலிஸைப் பார்த்து வாயடைத்துப் போகிறான். (அப்படிப்பட்டவர்கள் வாயடைத்துப் போவதில்லை. வேறு ஏதாவது சொல்வார்கள்.)

ஆலிஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் முகத்தோடு பீடத்துக்கு நடக்கிறாள், சபையே எழுந்து நிற்கிறது. (எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வெறும் முகம் ஆலிஸிடம் தினமும் இருந்தது. அவள் மேக்கப் கேட்டு வந்தவள். கேட்டதைத் தராமல் தத்துவம் தருவது ஏமாற்று வேலை.)

வால்டர் அவளைப் பார்த்ததும் கண் கலங்கி, அவன் கைகள் —

போதும்.

7

வாசலில் ஆட்டோ. ஜானட்டும் பூவம்மாவும் ஏறிவிட்டார்கள். ஆலிஸ் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள், திரும்பி வந்தாள். பல்லில் சாயம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இறங்கினாள், மறுபடி வந்தாள். கொண்டைப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். பூ அப்படியே இருந்தது.

மூன்றாவது முறை வந்தபோது அவள் கை அலமாரியில் இருந்த டால்கம் பவுடர் டப்பாவின்மேல் போய் நின்றது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வயதுப் பெண்கள் வாசலைத் தாண்டுமுன் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி முகத்தில் ஒரு ஒற்று ஒற்றாமல் எங்கேயும் போனதில்லை. கடைக்கு, கோயிலுக்கு, சாவுக்கு. கை தானாகப் போகும். அந்த ஒரு ஒற்று போதும், மடிப்புக்கு மடிப்பு வெள்ளை ஏறி அக்கா திரும்பி வந்துவிடுவாள்.

ஷைனி டப்பாவைப் பிடுங்கினாள்.

“கொஞ்சூண்டுடி. பழக்கம்.”

“கெளம்புங்க ஆன்ட்டி.”

“இல்லாட்டி மூஞ்சி அம்மணமா கீறாப்பல கீதுடி. நீ சொல்லு, எப்பிடி கீறேன்?”

“என்னக் கேக்காதீங்க. வெளிய கேளுங்க.”

தோளைப் பிடித்துத் திருப்பி, படிக்குத் தள்ளிவிட்டாள். வெளியே கண்ணாடி கிடையாது. ஆட்டோவில் இரண்டு பேர், தெருவில் நாலு பேர், அப்புறம் நீங்கள். அவள் உங்களிடமும் கேட்பாள். பொய் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. ஆனால் அவள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நம்புவாள், வாயைப் பார்த்து இல்லை. கோயிலா ரிஜிஸ்டர் ஆபீஸா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

படியில் நின்ற ஆலிஸ் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினாள். “ஏய் ஷைனி, ஒரே ஒரு தடவ —”

ஷைனி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். அது போதாதென்று சாவியையும் திருப்பினாள்.