ஷௌகத்தின் இரண்டாவது ஓட்டு

துக்க வீட்டில் காப்பிக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது "தாய்மன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இது என்றைக்கும் நடக்கட்டும் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் சொல்ல வேண்டியது. எகிப்தில், எங்கள் தமன்ஹூரில், துக்கத்துக்கென்று தரும் சர்க்கரையில்லாத காப்பி வந்தால் பச்சைக் குழந்தைகூடக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போகும். நானோ எழுதிப் பிழைக்கிறவன்.

செத்துப்போன ஷௌகத்தின் மைத்துனர் ஃபிக்ரி என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் யாரு சாகணும், உஸ்தாஸ் லபீப்? சொன்னீங்கன்னா பந்தலைப் பிரிக்காம வச்சிருப்போம்."

"விடு ஃபிக்ரி," என்றார் விதவை இன்ஷிராஹ். "தம்பி பேப்பர்ல எழுதுறதும் இப்படித்தானே இருக்கு."

நியாயமான விமர்சனம். ஷௌகத் விட்டுச்சென்றது என்ன என்று அரைப்பக்கம் எழுதத்தான் வந்திருந்தேன். ஆசிரியர் கால் பக்கம் போதும் என்றார். ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஒரே தமன்ஹூர்க்காரர் என்று சண்டை போட்டு அரைப்பக்கம் வாங்கினேன்.

தேர்தல் கொளுத்தும் வெயிலில் நடந்தது. அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. டெபாசிட் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. அவரைச் சாய்த்தது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துப் பெட்டி. அதில் குடைக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

"நான் போட்டேன், என் மனைவி போட்டாள். இரண்டாவது ஓட்டு எங்கே?" என்று வழக்குத் தொடுத்தார். மனைவியைச் சாட்சிக்கு அழையுங்கள் என்றார் நீதிபதி. "அவள் வார்த்தையைச் சந்தேகித்துக் கேள்வி கேட்க இங்கே யாருக்கும் உரிமை கிடையாது," என்று ஷௌகத் மறுத்துவிட்டார். வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டிலும் அதே பேச்சு, அதே தள்ளுபடி. மிச்ச ஆயுள் முழுக்க அதுதான்.

ஊர் சிரித்தது. ரொட்டிக் கடையில் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் "அது ஷௌகத் ஓட்டு" என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும், சிரித்த அதே ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து, எண்ணி முடிக்கும்வரை பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தோற்ற மனிதர் ஊரை எண்ணவைத்தார். என் கட்டுரையே அதுதான்.

துக்கத்துக்குக் குர்ஆன் கிராஅத் ஓதியவரை வழியனுப்ப ஃபிக்ரி வெளியே போனார். நான் இன்ஷிராஹ் பக்கம் திரும்பிப் பேனாவை எடுத்தேன்.

"கட்டுரை உங்க வாயால முடியணும், ஹாஜ்ஜா. குடைக்கு நான் போட்டேன்னு ஒரு வரி சொன்னா போதும்."

"இன்னொரு காப்பி குடிக்கிறீங்களா?"

"வேணாம். மறுபடி எதையாவது உளறிடுவேன்."

அவர் லேசாகச் சிரித்தார். சுவரோரம் சாய்த்துவைத்திருந்த தேர்தல் சுவரொட்டியைப் பார்த்தார். கறுப்பு மீசையோடு, குடையைப் பிடித்தபடி ஷௌகத் நின்றிருந்தார்.

"அந்தக் குடை எங்கம்மாவோடது," என்றார். "திருப்பியே கொடுக்கலை."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. விட்டிருக்கலாம். நல்ல முடிவு கையில் இருக்கும்போது கேள்வி கேட்கிறவன் முட்டாள்.

"ஹாஜ்ஜா, நீங்க குடைக்குத்தானே போட்டீங்க?"

"இல்ல," என்றார் இன்ஷிராஹ். "ஓட்டுச் சீட்டுல யாருக்கும் குறி போடாம வெறுமனே மடிச்சுப் போட்டேன். ஜெயிச்சா கெய்ரோவுக்குப் போயிடுவாரு, ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வரமாட்டாருன்னு பயம். தோத்த மறுநாளே வக்கீல், கோர்ட்டுன்னு கெளம்பினாரு. அப்புறம் நான் எடுத்து மூடிவச்ச சாப்பாடெல்லாம் ஆறித்தான் போச்சு. சொல்லிடலாம்னு தெனமும் நெனைப்பேன். ஒரு தடவ, ஒரே தடவ, 'நீ போட்டியா?'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், தம்பி. அவருக்குக் கேக்கத் தோணவே இல்ல."