ஹரிகிருஷ்ணன் சுட்ட பேன்கேக்

பாரீசிலிருந்து லீவில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஹரிகிருஷ்ணன் தன் மனைவி அஞ்சலாட்சியைச் சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

"நீ போய் உக்காரு. இன்னிக்கு டிபன் நான்தான். வாழப்பழ பேன்கேக். அங்க ஞாயித்துக்கெழமன்னா இதான் செய்வோம்."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிக்காத மனுஷன். காபி டம்ளரோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். நன்றாகக் கனிந்து தோல் கறுத்த பூவன் பழங்களை உரித்துப் போட்டு முள்கரண்டியால் மசித்தான். முட்டையை உடைத்து ஊற்றினான். மைதா, பால், கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. தோசைக்கல்லில் வெண்ணெய் உருகியதும் சின்னக் கரண்டியால் மாவை ஊற்றி, மேலே குமிழி வெடிக்கும்வரை காத்திருந்து திருப்பினான். ஹோட்டலில் வேலை செய்கிறவன், கை பழகியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகள் அன்புசெல்வி தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவன். இப்போது அவள் ஆறாவது படிக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறும்போது, "விசாவுக்குப் பேப்பர் போட்டிருக்கேன், அடுத்த வருஷம் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்பான். அதை நம்பித்தான் அஞ்சலாட்சி சாயங்காலப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சேர்த்துவிட்டது கீழ்வீட்டில் இருக்கும் அவன் அக்கா கன்னியம்மாள். "அங்க போய் ஊமையாட்டம் நிப்பியா? போய்க் கத்துக்க" என்று அவர்கள் குடியிருந்த சாரம் பகுதியிலிருந்து ஆட்டோ பிடித்துத் தானே கூட்டிப்போனவள். மற்றதெல்லாம் அஞ்சலாட்சிக்குச் சுலபமாக வந்தது. ஆண்பால் பெண்பாலில்தான் ஓயாமல் திட்டு வாங்கினாள்.

கடைசி மாவை ஹரிகிருஷ்ணன் வட்டமாக ஊற்றிவிட்டு, அதன் தலைப்பக்கம் இரண்டு சின்னத் துளிகள் விட்டான். அவை வெந்து ஒட்டிக்கொண்டு, கரடிக்குட்டியின் காது மாதிரி நின்றன. உலர்ந்த திராட்சை இரண்டை எடுத்துக் கண்ணாக வைத்தான்.

அன்புசெல்வி தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "என்னப்பா, நான் என்ன பாப்பாவா?"

அவன் காதில் அது விழவில்லை. தட்டை அவள் முன்னால் நகர்த்தி, குனிந்து ஊதிக்கொண்டே சொன்னான்:

"அத்தான்சியோன், மோன் ப்தி. சே ஷோ."

பார்த்து, கண்ணு, சுடுது. அஞ்சலாட்சிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததில் முதலில் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த நொடி டம்ளரைக் கீழே வைத்தாள். பெண் குழந்தையாக இருந்தால் 'மா ப்தித்' என்றல்லவா சொல்ல வேண்டும்? 'மோன் ப்தி' என்று ஆண் பிள்ளையைத்தான் கொஞ்சுவார்கள்.

"யாருங்க அது?"

"எது?"

"மோன் ப்தின்னீங்களே. பையன் யாரு?"

சும்மா வாய்தவறி வந்தது என்று அவன் சிரித்திருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவனுக்குச் சிரிக்க வரவில்லை. அடுப்பை அணைத்தான். அணைத்த அடுப்பை மறுபடியும் திருகிப் பார்த்தான்.

"அன்பு, மொட்டமாடிக்குப் போய்த் துணி காஞ்சிடுச்சான்னு பாரு" என்றாள் அஞ்சலாட்சி. பெண் போனதும் கதவைச் சாத்தினாள். "சொல்லுங்க."

"மூணு வயசாவுது" என்றான் அவன், தரையைப் பார்த்து. "அவளும் அதே ஓட்டல்லதான் வேல செய்யறா. ஏதோ ஆயிடுச்சு, அஞ்சல. உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒரு கொறையும் வெக்கலியே."

"பேப்பர்?"

அவன் தோசைக்கல்லைச் சுரண்ட ஆரம்பித்தான். எந்த வருஷமும் எதுவும் போடவில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

வெண்ணெய் வாசம் கீழே போயிருக்க வேண்டும். "என்னடா, பிரான்சு டிபனா? எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யி" என்றபடி கன்னியம்மாள் படியேறி வந்து கதவைத் திறந்தாள். தட்டிலிருந்த கரடியைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவே இல்லை. "சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டாள்.

அஞ்சலாட்சி அவள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

கன்னியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"தெரிஞ்சுமா என்னைக் கிளாசுக்கு அனுப்பினீங்க?"

"எதையாச்சும் நம்பிக்கிட்டிருந்தாதானே நீ இந்த வூட்ல இருப்ப? புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா நாங்க என்ன பண்றது?"

புருஷன் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள், வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட, சொல்லு" என்று உட்காரவைத்துக் கேட்டவள். இவள் சொல்லச் சொல்ல அவள் உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பாள்?

அஞ்சலாட்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இன்னும் பாதி பிரிக்காமல் கிடந்த சூட்கேசைத் தானே இழுத்துவந்து படியருகில் வைத்தாள்.

"லீவு முடியற வரைக்கும் உங்க அக்கா வூட்லயே இருங்க. பொண்ணப் பாக்கணும்னா பாருங்க, தடுக்க மாட்டேன். மேல மட்டும் வராதீங்க."

"அஞ்சல, ஊர்ல நாலு பேரு..." என்று கன்னியம்மாள் தொடங்கினாள்.

"நீங்களும்தான் அண்ணி, மேல வராதீங்க" என்றாள் அவள்.

இருவரும் இறங்கிப் போனபின் மொட்டைமாடிப் படியில் அன்புசெல்வி நின்றிருந்தாள். கையில் ஒரு துணியும் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க அஞ்சலாட்சிக்குத் தெம்பில்லை.

"அம்மா, அந்தத் தம்பி பேரு என்ன?"

"எனக்குத் தெரியாது."

"கீழ போய் அப்பாவக் கேக்கட்டுமா?"

தன் ஏமாற்றத்தை இந்தப் பெண்ணின் தலையிலும் ஏற்றுவதா என்று அஞ்சலாட்சி யோசித்தாள்.

"கேளு" என்றாள். "ஆனா எங்கிட்ட வந்து சொல்லாத."

பெண் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்து, அந்தப் பெயர் தனக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.