முதல் ஸ்டார்ட்டில் கேட்ட சத்தம்

“எங்கையடா சத்தம்? காதைக் கழுவிப்போட்டுக் கேள்!”

வீரபாகு தன் காரைக் கொண்டுவந்து சிவகரனின் கராச்சுக்குள் நின்று கத்தினார். விசுவமடுச் சந்தியே திரும்பிப் பார்த்தது. பார்க்காதவர்களும் காதை மட்டும் இங்கே விட்டிருந்தார்கள்.

“எஞ்சின் சூடாகிட்டுது மாமா. இப்ப கேக்காது,” என்றான் சிவகரன்.

“ஆருக்கடா மாமா?”

டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்சனர் தளர்ந்துவிட்டது என்பது சிவகரனின் சந்தேகம். அந்த நோய்க்கு ஒரு குணம். ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று அடிக்கும், சூடேறினால் நல்ல பிள்ளையாகிவிடும். ஆகவே விடியவே உடையார்கட்டில் கார் நிற்கிற வீரபாகு வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். போனான். அந்த வீட்டில் மேனுகா என்றொரு மகளும் இருந்தாள், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். போதாதா? வேலிக்கு வேலி கதை போனது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு எந்த மெக்கானிக் பொனெற் திறக்கப் போவான்? ஆனால் சத்தமும் மெய்தான்.

“பெல்ட் போடேக்கையே டென்சனரையும் மாத்துவம் எண்டு சொன்னனான். நீங்கள்தான் பெல்ட் மட்டும் போதுமெண்டியள். இப்பவெண்டாலும் கழட்டிப் பாக்க விடுங்கோ.”

“இனி என்ரை படலைக்குள்ளை கால் வைச்சியெண்டா முறிப்பன்!”

மாரி தொடங்கிய கிழமை வீரபாகுவின் மனுசி வடிவம்மாவுக்கு நெஞ்சுநோ வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினார். தருமபுரம் தாண்டியதும் எஞ்சின் ஒரேயடியாக நின்றது. மழைக்குள் வேறு வாகனம் மறித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வடிவம்மா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, கயிற்றில் இழுபட்டுக் கார் கராச்சுக்கு வந்தது. பின்னால் வீரபாகு. சிவகரன் பெல்ட் மூடியைக் கழற்றினான். டென்சனர் எண்ணெய் கசிந்து தொளதொளத்துக் கிடந்தது. அதனால் பெல்ட் பல் மாறி, வால்வுகள் வளைந்திருந்தன. அவன் சொன்னது சொன்னபடியே. இனிச் சந்தியில் நிமிர்ந்து நடக்கலாம்.

“தம்பி,” என்றார் வீரபாகு. “அவாவை நான்தான் சாக்காட்டிப்போட்டனோ?”

சிவகரன் டென்சனரைத் துணியில் சுற்றினான்.

“இல்லை ஐயா. டென்சனர் நல்லாத்தான் கிடக்கு. நான் போட்ட பெல்ட்டிலைதான் பிழை.”

வீரபாகு நம்பினார். நம்பாமல் அவரால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. சந்தியும் நம்பியது. ஏச ஓர் ஆள் கிடைத்தால் சந்தி விடுமா?

தாயின் சாவுக்குக் காரணமானவனை மகள் கட்டுவாளா? ஆண்டுத்திவசம் கழிய மேனுகா வவுனியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சிவகரன் கராச்சைப் பூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனான். இன்னும் கலியாணம் கட்டவில்லையாம். விடியற்காலையில் எவருடைய காரையும் பார்க்கப் போவதுமில்லையாம்.