உள்ளே தடவாத எண்ணெய்

மரச்சாமான் வாங்க வருகிறவர்களை அந்தத் தச்சர் லேசில் விட மாட்டார். காசை வாங்கினோமா, ஆளை அனுப்பினோமா என்று இருக்கத் தெரியாத மனுஷன். கரையானைப் பற்றி ஒரு பாடம் நடத்தி முடித்த பிறகுதான் பொருள் கடை வாசலைத் தாண்டும். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் சரிபாதி கலந்து, லேசாகச் சூடுபண்ணி, பழைய பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். "கண்ணுக்குத் தெரியற பக்கம் எல்லாரும்தான் பூசுவாங்க. கரையான் அந்தப் பக்கமா வராது. அடியில பூசுங்க, உள்ள பூசுங்க" என்பார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்புவார்கள்.

அவர் வீட்டில் இருந்த ஒரு மரப்பெட்டிக்கு மட்டும் அடியிலும் பூசவில்லை, உள்ளேயும் பூசவில்லை.

அதற்குள் இருந்தது மகளின் துணிமணி. வீட்டில் வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கழற்றிப் போட்டு, துவைக்காமல் கிடந்த துணிகளைத்தான் அம்மாக்காரி அள்ளி மடித்து வைத்தாள். "உள்ள தடவாதீங்க. இந்த எண்ணெய் நாத்தத்துல பிள்ளை வாசனை போயிடும்" என்றாள். அடியில் பூச வேண்டுமானால் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. பெற்றவளிடம் போய்க் கரையான் பாடம் நடத்தவா முடியும்?

ஆகவே வெளியே மட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேய்ப்பார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தேய்க்கும்போது மட்டும் அவள் பேசுவாள். பல் துலக்க வாலு பண்ணிய அழிச்சாட்டியம், அப்பாவின் அளவு நாடாவை ஒளித்துவைத்து அவரை அலையவிட்ட கதை. சில சமயம் சிரித்தும் விடுவாள். அந்தச் சிரிப்புக்காகத் தச்சர் மாதம் முழுக்கக் காத்துக் கிடந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு அப்படி ஒரு ஞாயிறு, பேச்சோடு பேச்சாக, கைப்பழக்கத்தில் பலகையைத் தட்டினார். கணீரென்று வர வேண்டிய சத்தம் பொத்தென்று வந்தது. முப்பது வருஷக் காது, ஏமாறாது. தரையிலிருந்து அடிப்பலகை வழியாகக் கரையான் ஏறியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எதிரே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்து துணியை வெளியே எடுத்துவிட்டால் அப்புறம் எதைச் சாக்காக வைத்து அவள் எதிரே உட்காருவாள்? அவர் துணியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு மேலே தேய்த்தார்.

இந்த மாதம் தேய்க்கும்போது அவள் கட்டைவிரல் பலகைக்குள் இறங்கிவிட்டது.

வெளியே இழுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் ஈர மண். மூடியைத் திறந்தாள். துணி அடுக்கு இருந்த இடத்தில் புற்று இருந்தது. சில சட்டைப் பொத்தான்களும் ஒரு ஜிப்பும்தான் கைக்குத் தட்டுப்பட்டன. ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தாள். தச்சருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் கண்டுபிடிச்சுச் சொல்றீங்க. இது எப்படிங்க தெரியாமப் போச்சு?"

"தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து?"

"மூணு மாசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நீ என்கூட இப்படி உக்காந்து பேச மாட்டியேன்னு."

அவள் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே திறந்திருந்தா?"

அன்றைக்கே எல்லாம் போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பாள். மர விஷயத்தில் அவர் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. ஆனால் மரத்தைப் பற்றிப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பாதி மிஞ்சியிருக்கும்."

"பாதி" என்றாள் அவள். எடுத்த மண்ணைத் திரும்ப உள்ளேயே போட்டு, மூடியைச் சாத்தினாள். பிறகு கையை நீட்டி, அவர் பிடித்திருந்த எண்ணெய்த் துணியை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நானே தேய்ச்சுக்கிறேன். நீங்க கடைக்குப் போங்க."