கிண்ணத்தில் தங்காத பூச்சிகள்

பூச்சிக்காரருக்குத் தம்மைப் பற்றிப் பெரிய மதிப்பு கிடையாது. வாழ்நாளெல்லாம் பூச்சிகளைப் பிடித்து எண்ணும் வேலை பார்த்தும், மூக்கில் உட்காரும் ஈயை விரட்டத் தெரியாதவர் என்று தாமே சொல்லிச் சிரிப்பார். பிழைப்புக்காகக் கொல்ல வேண்டியிருப்பதால், காலைப் பிரார்த்தனையிலேயே அன்றைய பாவத்துக்கு முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

இந்த முறை எண்ணிக்கையை நம்பி ஓர் இடம் இருந்தது. அக்காவின் தையல் கடைக்குப் பின்னால் புதர் மண்டிய காலி மனை. அங்கே கான்கிரீட் போட்டு வண்டி நிறுத்த நகராட்சி முடிவெடுத்திருந்தது. உயிரினம் உண்டு என்று அவர் அறிக்கை தந்தால் மனை தப்பும். அந்தப் புதர்மேல் பிரியமுள்ள அக்காவுக்கு வீணாக ஆசை காட்டுவானேன் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பொழுது சாய்ந்து அக்கா கடையை மூடியபின் அங்கேயும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு இடங்களிலும் வைத்துவிட்டு வந்தார். பூவென்று நம்பி வரும் பூச்சி அதில் விழும். மருந்தடிக்கும் வயலோரத்தில் கொஞ்சம் விழுந்தது. கடைத்தெருவில் அதைவிடக் குறைவு. காலி மனையில் மட்டும் எந்த மாலை போய்ப் பார்த்தாலும் வெறும் தண்ணீர்.

‘மழை பொய்த்தது. சுற்றிலும் கட்டடச் சூடு. இங்கே எது பிழைக்கும்?’ தம் மேதைமையைத் தாமே மெச்சித் தலையாட்டியபடி, உயிரில்லாத இடம் என்று எழுதி முடித்தார். கிண்ணங்களை எடுத்துவர ஒரு நண்பகலில் போனார்.

அங்கே அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணித் துண்டால் ஒரு தேனீயைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றே?”

“வாடா தம்பி. எவனோ அறிவு கெட்டவன் கிண்ணத்துல சோப்புத் தண்ணி வச்சுட்டுப் போயிருக்கான். பாவம், விழுந்து தத்தளிக்குதுங்க. தைக்கிறதுக்கு நடுவுல அப்பப்ப வந்து எடுத்து, நல்ல தண்ணியில அலசி விடறேன். பொழைக்காததை மண்ணுல போட்டு மூடிட்டேன்.”

“அந்த அறிவு கெட்டவன் நான்தான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “அதான பாத்தேன்! ஊருல வேற எவனுக்கு இந்த யோசனை வரும்?”

துணியில் குட்டித் தேனீக்கள், பச்சையாய் மினுங்கும் குளவி, வண்டுகள், பெயர் தெரியாத ஒன்று. உயிரில்லாத மனையில் உட்கார இடமில்லாத கூட்டம். களை பறிக்காத புதரடியில் ஈரம் மிச்சமிருந்தது, மருந்தும் எட்டவில்லை. சூட்டுக்கு ஒதுங்கியவை எல்லாம் இங்கேதான் குடியிருந்திருக்கின்றன.

“ஏண்டா கண் கலங்குது?”

“சோப்புக்கா.”

காப்பாற்றுவதை நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “நீ பாட்டுக்குக் காப்பாத்து. பறக்க விடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டிடு” என்றார். அவள் தூக்கினாள், அவர் படம் பிடித்து எண்ணினார். வயலும் கடைத்தெருவும் சேர்ந்து தந்ததைவிட இங்கே வகை அதிகம். பழைய அறிக்கையைக் கிழித்துப் புதிதாக எழுதினார். அக்கா பூச்சிகளை எடுத்துவிட்டதையும் அதில் மறைக்கவில்லை. நகராட்சி வண்டிகளுக்கு வேறு இடம் பார்த்தது.

அந்த முடிவு வந்த மறுநாள், கொல்ல வேண்டிய வேலை இல்லாததால், பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்க ஒன்றும் தோன்றாமல் சற்றுத் திகைத்து நின்றார். பிறகு, உயிருள்ள இடத்தை உயிரில்லாதது என்று எழுதிக் கிழித்த அந்த அறிக்கை ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க ஒன்று கிடைத்த நிம்மதியில் கைகூப்பினார்.